அடிக்காமலும் மாடு படியும்
(உழவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் எழுதுவது)

‘அடியாத மாடு படியாது’ என்பது நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பழமொழி. ஏர் ஓட்டுபவர், வண்டிக்காரர், மாட்டுத் தரகர் என யாரும் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் அதே கிராமத்தில்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் மேய்ச்சலை விட்டு ஓடிவரும் பசுவும் இருக்கிறது. வாய்ச்சொல்லுக்கே திரும்பி, சால் மாறாமல் நடக்கும் உழவு மாடும் இருக்கிறது. இம்மாடுகளை வளர்த்தவரிடம் கேட்டால், “இதுவரை ஓர் அடிகூட அடித்ததில்லை” என்றே பெரும்பாலும் சொல்வார்.

இது வெறும் இரக்கத்தைப் பற்றிய பேச்சன்று. வரவு செலவைப் பற்றியதும் ஆகும். கறக்கும்போது உதைக்கும் பசு, பாலை அடக்கிக்கொள்ளும் பசு, முட்ட வரும் காளை, நுகத்தடியைக் கண்டதும் படுத்துவிடும் எருது ஆகியவற்றைச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். அவை பெரும்பாலும் அடிமாடாகவே போய்ச் சேருகின்றன. ஒன்றிரண்டு மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு இது தாங்க முடியாத நட்டம். இவற்றுள் பல பிறவிக் குணத்தால் கெட்டவை அல்ல. நம் கைப்பழக்கத்தால் கெட்டவை. அப்படிக் கெடாமல் காப்பதற்கும், ஓரளவு கெட்டதைத் திருத்துவதற்கும் வழி உண்டு.

மாடு, குதிரை, நாய் ஆகியவை மனிதனை எவ்வாறு புரிந்துகொள்கின்றன, மனிதனுடன் எவ்வாறு உறவு கொள்கின்றன என்பது பற்றிக் கடந்த நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. அவற்றுள் நம் தொழுவத்திற்குப் பயன்படும் செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.

மாட்டின் கண்ணும் காதும்

ஒரு பிராணியுடன் பேச வேண்டுமானால், அது உலகத்தை எப்படிக் காண்கிறது, எப்படிக் கேட்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மாடும் குதிரையும் காட்டில் புலி, ஓநாய் போன்றவற்றுக்கு இரையாக இருந்த இனங்கள். ஆகவே அவற்றின் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. தலையைத் திருப்பாமலே மாட்டினால் ஏறத்தாழ 330 டிகிரி அளவுக்குச் சுற்றிலும் பார்க்க முடியும். குதிரைக்கு இது இன்னும் சற்று அதிகம். நேர் பின்புறம் மட்டுமே பார்வைக்கு எட்டாத இடம். அந்தப் பக்கமாகச் சத்தமில்லாமல் சென்று தொட்டால், தொட்டது யார் என்று மாட்டுக்குத் தெரியாது, உதை விழுகிறது. குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் சென்றால் இந்த உதை இல்லை.

இரண்டு கண்களாலும் ஒருசேரப் பார்க்கும் பரப்பு மாட்டுக்கு மிகக் குறுகியது. அதனால் ஆழத்தையும் தொலைவையும் அது எளிதில் கணிக்க முடியாது. தரையில் விழும் நிழல், வாய்க்கால், தேங்கிய நீரின் பளபளப்பு, காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பை ஆகியவற்றைக் கண்டு மாடு நிற்பதற்கு இதுவே காரணம். அந்நேரத்தில் அது தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்க்க விரும்புகிறது. அரை நிமிடம் பார்க்க விட்டால் தானே நடக்கும். அவ்விடத்தில் அடித்தால், ‘இந்த வாய்க்காலருகே வந்தால் வலிக்கும்’ என்பதையே அது கற்றுக்கொள்ளும். மறுநாள் இன்னும் முன்னதாகவே நின்றுவிடும். இதைத்தான் நாம் ‘முரண்டு’ என்கிறோம்.

சிவப்புத் துணியைக் கண்டால் மாடு மிரளும் என்பதும் சரியன்று. மனிதனைப் போலச் சிவப்பைத் தனி நிறமாகப் பிரித்தறியும் அமைப்பு மாட்டின் கண்ணில் இல்லை. துணியின் அசைவே அதை மிரளச் செய்கிறது.

காதைப் பொறுத்தவரை, மனிதன் விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கிறான். மாடு சுமார் 35,000 அதிர்வுகள் வரை கேட்கிறது. கீச்சென்ற விசில், தகரம் உரசும் ஒலி, வண்டி அச்சின் கிறீச்சொலி ஆகியவை நமக்குச் சாதாரணமாக இருந்தாலும் அதற்குத் தொல்லையானவை. மனிதர் கூச்சலிடும்போது மாட்டின் இதயத் துடிப்பு உயர்வதும் அளந்து அறியப்பட்டுள்ளது. எனவே அதட்டலைக் காட்டிலும் தாழ்ந்த, நீட்டிய குரலே தொழுவத்திற்கு ஏற்றது. நம் பெண்கள் பசுவை அழைக்கும் ‘பா... பா...’ என்ற குரல் அத்தகையதே.

கணக்குப் போட்ட குதிரை

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை பெரும் புகழ் பெற்றிருந்தது. அதன் சொந்தக்காரர் வான் ஆஸ்டன் என்ற ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். கூட்டல், கழித்தல் என எதைக் கேட்டாலும் குதிரை முன்னங்காலால் தரையைத் தட்டிச் சரியான விடையைச் சொல்லும். 1904ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்று வந்து சோதித்தது. ஏமாற்று எதுவும் இல்லை என்று கூறியது.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாக ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடித்தார். அதை 1907இல் நூலாகவும் வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் தவறியது. காரணம் இதுதான். கேள்வி கேட்டவர் குதிரையின் காலைப் பார்ப்பதற்காகத் தம்மை அறியாமல் சிறிது குனிவார். தட்டுதல் சரியான எண்ணை எட்டியவுடன் தம்மை அறியாமல் தலையை மிகச் சிறிது நிமிர்த்துவார். குதிரை அந்த அசைவைக் கண்டு தட்டுவதை நிறுத்திவிடும். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது; மனிதனைப் படிக்கத் தெரியும்.

இதிலிருந்து உழவர்கள் பெறும் பாடங்கள் மூன்று.

1. நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் உடல் பேசிவிடுகிறது. கோபமாகத் தொழுவத்தில் நுழைபவரின் நடையும் தோளும் மாட்டுக்குத் தெரிந்துவிடும். வீட்டுச் சண்டையைத் தொழுவத்திற்குக் கொண்டுபோகலாகாது.

2. ஒரு செயலுக்கு ஒரே சைகை, ஒரே சொல் என்று வீட்டிலுள்ள அனைவரும் பின்பற்ற வேண்டும். தகப்பனார் ஒரு சொல்லும் மகன் வேறு சொல்லும் சொன்னால் மாடு குழம்பும்.

3. மாடு ஆளை அடையாளம் காணும். கனடா, டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பசுக்களிடம் ஒருவரை அன்பாகவும் மற்றொருவரைக் கடுமையாகவும் நடந்துகொள்ளச் செய்து பார்த்தனர். சில நாட்களிலேயே பசுக்கள் இருவரையும் பிரித்தறிந்து, கடுமையானவரை விட்டு விலகி நின்றன. ஆளை அறிவதற்கு உடையின் நிறமும் உதவுகிறது. பசுவைக் கறக்கும் அம்மாள் ஊருக்குப் போயிருக்கையில் வீட்டுக்காரர் அவருடைய சேலையைப் போர்த்திக்கொண்டு கறப்பதைக் கிராமங்களில் கேலி செய்வார்கள். அது கேலிக்குரியதன்று, காரணத்தோடு கூடிய செயலே ஆகும்.

பாசமும் பாலும்

மடியிலுள்ள பாலில் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள பால் அறையில் தயாராக நிற்கிறது. மீதி முழுவதும் மடியினுள் திராட்சைக் குலை போன்ற நுண்ணறைகளில் தங்கியிருக்கும். நாட்டு மாடுகளில் பால் அறையில் நிற்கும் அளவு இன்னும் குறைவு. நுண்ணறைப் பால் கீழே இறங்க வேண்டுமானால் பசுவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, இரத்தத்தின் வழியே மடியை அடைய வேண்டும். கன்று முட்டுவது, மடியைக் கழுவித் தடவுவது, பழகிய ஆளின் குரல், தீவனச் சட்டியின் ஓசை ஆகியவை இச்சுரப்பைத் தூண்டுகின்றன. இதையே நாம் ‘சுரப்பு விடுதல்’ என்கிறோம். தூண்டிய ஒன்று முதல் இரண்டு நிமிடங்களில் சுரப்பு இறங்கும். சில நிமிடங்களில் அதன் வேகம் குறைந்துவிடும். ஆகவே கறவையை ஏழு நிமிடங்களுக்குள் முடிப்பது நல்லது.

மாடு அஞ்சினால் நடப்பது வேறு. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து, இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆக்ஸிடோசின் மடியை அடைந்து வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இலை, பீட்டர்சன் என்ற இரு அறிஞர்கள் இதைச் சோதித்தனர். கறக்கும் நேரத்தில் பசுவின் அருகே காகிதப் பைகளை ஊதி வெடித்தும், அதன் முதுகில் பூனையை வைத்தும் பயமுறுத்தினர். பால் இறங்குவது தடைபட்டது. முன்பு கூறிய கனடா, டென்மார்க் ஆராய்ச்சியிலும், கடுமையாக நடந்துகொண்ட ஆள் கறவையின்போது அருகில் வந்து நின்றதே போதுமானதாக இருந்தது. கறந்த பிறகு மடியில் தங்கிய பாலின் அளவு கூடியது. அவர் அப்போது மாட்டைத் தொடக்கூட இல்லை.

காலையில் முதுகில் விழுந்த அடி மாலையில் சொம்பில் குறைகிறது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். நாள்தோறும் மடியில் பால் தங்கினால் சுரப்பும் படிப்படியாகக் குறையும்.

பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 516 பால் பண்ணையாளர்களிடம் விவரம் சேகரித்து, 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பசுக்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஒரு கறவைப் பருவத்தில் பசு ஒன்றுக்கு 258 லிட்டர் பால் கூடுதலாக இருந்தது. பெயர் வைத்ததனாலேயே பால் பெருகியது என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி அழைப்பவர், ஒவ்வொன்றின் பசியையும் நோவையும் தனித்தனியே கவனிப்பவராகவும் இருப்பார். பால் அக்கவனிப்பின் பலன். ‘லட்சுமி’ என்றும் ‘செவலை’ என்றும் பெயரிட்டு அழைக்கும் நம் வழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

இங்கே கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. 2015ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், வளர்த்தவரும் நாயும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கி இருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் அதிகரிப்பதைக் கண்டனர். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பாசத்தை வளர்ப்பதும் இந்த ஹார்மோன்தான். ஆக, பசுவின் பாலை இறக்குவதும், உயிர்களுக்கிடையே பாசத்தைப் பிணைப்பதும் ஒரே பொருள் என்றாகிறது.

இதே பொருளை ஊசி மருந்தாக வாங்கி, கறவைக்கு முன் தினமும் போடுபவர்கள் சிலர் உண்டு. இது தவறான வழி. பசு ஊசிக்கே பழகி, ஊசி இல்லாமல் சுரப்பு விடாத நிலைக்கு வந்துவிடும். பால் பெருக்குவதற்காகப் பசுவின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசியைப் போடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

எங்கே தடவ வேண்டும்?

மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் கழுத்தையும் தலையையுமே நக்கும். வியன்னா நகரில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில் பசுக்களின் உடலில் பல இடங்களைத் தடவிப் பார்த்தார்கள். கழுத்தின் அடிப்பகுதியைத் தடவியபோதுதான் பசுக்கள் கழுத்தை நீட்டிக் காதுகளைத் தளரவிட்டன. அப்படித் தடவிப் பழகிய பசுக்கள் பிறகு ஆட்களைக் கண்டு விலகுவதும் குறைந்தது. நம் ஊரில் அலைதாடியைச் சொறிந்துகொடுக்கும் வழக்கம் இதற்கு ஒத்ததே. குதிரைக்கு இவ்விடம், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு ஆகும். அங்கே சொறிந்துகொடுத்தால் அதன் இதயத் துடிப்பு தணிகிறது.

புதிதாக வாங்கிவந்த மாட்டுக்கு முதல் பத்து நாட்கள், தினம் ஐந்து நிமிடம் இவ்வாறு தடவிக்கொடுக்க வேண்டும். தீவனத்தையும் அதே ஆள் வைக்க வேண்டும். நெற்றியில் தட்டுவதைத் தவிர்க்கவும். பல மாடுகள் அதை விரும்புவதில்லை.

மாடு சொல்வதைக் கேளுங்கள்

பேச்சு இரு வழிப்பட்டது. மாடு நம்மிடம் சொல்வதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். முக்கியமான அறிகுறிகள் கீழே தரப்பட்டுள்ளன.

காதுகள் தளர்ந்து, கண் பாதி மூடி, அசை போடுதல் – அமைதி.
தலை நிமிர்ந்து, காதுகள் இரண்டும் ஒரே திசையில் திரும்புதல் – எதையோ கவனிக்கிறது. அது என்ன என்று நாமும் பார்க்க வேண்டும்.
கண்ணின் வெள்ளை அதிகம் தெரிதல், மூக்குத் துவாரம் விரிதல், அடுத்தடுத்துச் சாணமிடுதல் – அச்சம்.
ஈ இல்லாதபோதும் வாலை வேகமாகச் சுழற்றுதல், பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்தல் – எரிச்சல் அல்லது வலி, அடுத்தது உதை.
காளை பக்கவாட்டில் நின்று, முதுகை வளைத்து, தலை தாழ்த்தி, முன்னங்காலால் மண்ணைக் கீறுதல் – மிரட்டல். காளையின் மீது வைத்த கண்ணை எடுக்காமல் மெல்லப் பின்வாங்கவும். முதுகைக் காட்டி ஓடலாகாது.
குதிரை காதுகளைப் பின்னோக்கிப் பிடரியோடு ஒட்டவைத்தல் – கடிக்கவோ உதைக்கவோ போகிறது.

நிற்கும் இடமே கட்டளை

ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத வட்டம் ஒன்று உண்டு. அந்த வட்டத்திற்குள் ஆள் நுழைந்தால் மாடு விலகும். வெளியே வந்தால் நின்று திரும்பிப் பார்க்கும். இதைத் ‘தப்பும் எல்லை’ எனலாம். நன்கு பழகிய கறவைப் பசுவுக்கு இந்த எல்லையே இராது; கையால் தொடலாம். காட்டு மேய்ச்சலில் வளரும் பர்கூர் மாடு போன்றவற்றுக்கு எல்லை அகன்றது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் இதைத் தெளிவாக விளக்கி, மாடுகளை அடிக்காமல் ஓட்டும் முறைகளை உலகெங்கும் பரப்பியுள்ளார்.

அவர் கூறும் விதி எளியது. மாட்டின் முன்தோள்தான் தராசு முள். தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில் நின்று எல்லைக்குள் ஓரடி வைத்தால் மாடு முன்னே நடக்கும். தோளுக்கு முன்னால் நின்று ஓரடி வைத்தால் பின்னே நகரும். மாடு நகரத் தொடங்கியவுடன் நாம் ஓரடி பின்வாங்க வேண்டும். லாரியில் ஏற்றும்போதும், தடுப்பூசி முகாமில் அடைப்புக்குள் விடும்போதும் பலர் மாட்டின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு கயிற்றை இழுக்கிறார்கள். பின்னால் ஒருவர் வாலை முறுக்குகிறார். முன்னால் நிற்பவரே மாட்டைத் தடுக்கிறார் என்பதை உணர்வதில்லை. அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றால் பாதி வேலை முடிந்துவிடும்.

எருது பழக்கும் முறை

டிராக்டர் வந்தபின் உழவு மாடுகள் குறைந்துவிட்டன. ஆயினும் சிறு துண்டு நிலங்களிலும், கரும்பு, பருத்தி, காய்கறிப் பயிர்களின் ஊடு உழவிலும், வண்டிப் பாரத்திலும் இன்னும் எருதுகள் பயன்படுகின்றன. எருதை வசக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: மாட்டுக்குக் கற்றுக்கொடுப்பது கயிற்றை இழுப்பது அன்று, இழுத்த கயிற்றைத் தளர்த்துவதே.

மூக்கணாங்கயிறு இழுபடும்போது மாட்டுக்கு நெருக்கடி ஏற்படுகிறது. அது தலையைத் திருப்பியவுடன் கயிறு தளர்ந்தால், ‘திரும்பினால் நெருக்கடி தீரும்’ என்று புரிந்துகொள்கிறது. திரும்பிய பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் வலிதான் என்றாகிறது. பிறகு அது போராடும், அல்லது படுத்துவிடும். குதிரையின் கடிவாளத்துக்கும் இதே விதி பொருந்தும். தளர்த்துவதும் பாராட்டுவதும் அந்தக் கணத்திலேயே நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கொடுக்கும் வெல்லமும், ஒரு நாழிகை கழித்துக் கொடுக்கும் அடியும் எதற்காக என்று மாட்டுக்குத் தெரியாது.

பழக்கும் படிகள் வருமாறு:

1. மூக்குக் குத்திய புண் முழுவதும் ஆறும்வரை கயிற்றை இழுக்கக் கூடாது. கயிறு மிருதுவான நூல் கயிறாக இருக்கட்டும்.
2. முதல் வாரம் தலைக்கயிற்றில் பிடித்து நடத்திப் பழக்கவும். ‘நட’, ‘நில்’ என்பதற்கு உங்கள் ஊரில் வழங்கும் சொல் எதுவோ அதையே எப்போதும் சொல்லவும். சொல் முதலில், கயிறு பிறகு. நாளடைவில் சொல் மட்டுமே போதுமானதாகும்.
3. அடுத்துப் பாரமில்லாத நுகத்தடியைச் சிறிது நேரம் கழுத்தில் வைத்து எடுக்கவும். அந்நேரம் தீவனம் காட்டவும்.
4. பழகிய, சாந்தமான மூத்த எருதுடன் ஜோடி சேர்க்கவும். இளம் மாடு அதைப் பார்த்துக் கற்கும். வலத்தில் பழக்கியதை வலத்திலேயே கட்டவும்.
5. முதலில் ஒரு மரக்கட்டை, பிறகு வெற்று வண்டி, பிறகு ஏர் என்று பாரத்தைப் படிப்படியாகக் கூட்டவும்.
6. தொடக்கத்தில் தினம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மாடு ஒரு செயலைச் சரியாகச் செய்தவுடன் அன்றைய பாடத்தை முடித்துவிடவும். களைத்த மாடு கற்காது.

1965ஆம் ஆண்டின் உழவு, பார விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணிவரை வேலை வாங்குவதும் கூடாது. ஆணி பதித்த கோலும் இவ்விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. தார்க்குச்சி வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

கன்றிலேயே தொடங்குக

பிறந்த முதல் வாரங்களில் கையால் தொட்டு, துடைத்து, தீவனம் காட்டி வளர்த்த கிடாரி, முதல் ஈற்றில் கறக்க நிற்கும்போது தொல்லை தருவதில்லை. சினை மாடாக இருக்கும் கடைசி மாதத்தில் தினமும் மடி, தொடைப் பகுதிகளைக் கையால் மெதுவாகத் தொட்டுப் பழக்குவதும் நல்லது.

காளைக்கன்றில் ஓர் எச்சரிக்கை தேவை. சிறுவர்கள் கன்றின் நெற்றியைக் கையால் தள்ளி, அதை முட்டவைத்து விளையாடுவது உண்டு. இருபது கிலோ கன்று முட்டுவது வேடிக்கை. அதே பழக்கத்தோடு முந்நூறு கிலோ காளை வந்தால் உயிருக்கு ஆபத்து. கன்றைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விளையாட்டுதான். மற்றக் கன்றுகளைப் பார்க்காமல் தனியே, மனிதக் கையிலேயே வளர்ந்த காளைக்கன்று மனிதனையே தன் இனத்துப் போட்டியாளனாகக் கருதிப் பாயக்கூடும். எனவே காளைக்கன்றைப் பிற கன்றுகளோடு சேர்த்தே வளர்க்கவும். தடவுவதைக் கழுத்திலும் முதுகிலும் வைத்துக்கொள்ளவும், நெற்றியில் வேண்டாம்.

காவல் நாய்

நாய்க்குட்டி மனிதரோடும் பிற பிராணிகளோடும் உறவு பழகும் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை ஆகும். அக்காலத்தில் ஆடு, மாடு, கோழி, குழந்தைகள் ஆகியோரைக் காட்டிப் பழக்கினால் வளர்ந்தபின் அவற்றைத் துரத்தாது. அக்காலம் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போட்ட குட்டி, பிறகு யாரைக் கண்டாலும் அஞ்சிக் கடிக்கும் நாயாகலாம்.

நாய் உறுமுவதற்காக அதை அடிக்கக் கூடாது. உறுமல் என்பது ‘இதோடு நிறுத்திக்கொள்’ என்ற எச்சரிக்கை. அடித்தால் எச்சரிக்கை நின்றுபோகும்; அச்சம் நிற்காது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உண்ணும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் குழந்தைகள் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

குட்டிக்கு மூன்று மாதமானவுடன் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும்; பின்னர் மருத்துவர் சொல்லும் தவணைகளில் தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

முரண்டு பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியவை

நேற்றுவரை நன்றாக நின்ற பிராணி இன்று திடீரென்று முரண்டு செய்தால், அது தன் வலியைச் சொல்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். கோலை எடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துப் பார்க்கவும்.

1. கறக்கும்போது உதைக்கிறதா? மடியில் சூடு, வீக்கம், பாலில் திரிதல் உண்டா என்று பார்க்கவும். மடிநோயின் முதல் அறிகுறி உதையாக இருக்கலாம். காம்பு வெடிப்பையும், கறப்பவரின் நகத்தையும் கவனிக்கவும்.
2. நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்க மறுக்கிறதா? கழுத்தில் புண், வீக்கம் உண்டா என்று தடவிப் பார்க்கவும். நுகத்தடியின் சிராய்ப்பையும் பார்க்கவும்.
3. நடக்க மறுக்கிறதா? லாடம் தேய்ந்ததா, குளம்பில் முள்ளோ கல்லோ ஏறியதா என்று காலைத் தூக்கிப் பார்க்கவும்.
4. சாதுவான மாடோ நாயோ காரணமின்றி மூர்க்கமாகி, எச்சில் வடித்து, குரல் மாறிக் கத்துகிறதா? வெறிநோயாக இருக்கலாம். வாயில் கையை விடாமல், கிட்டே நெருங்காமல் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்கவும்.

இவற்றுள் எதுவும் இல்லையென்றால், அண்மையில் ஆள் மாறியதா, இடம் மாறியதா, யாராவது அடித்தார்களா என்று விசாரிக்கவும். அஞ்சிய மாட்டைத் திருத்துவதற்கு, அதைப் பழக்குவதற்கு ஆன காலத்தைப் போல் இரு மடங்கு காலம் ஆனாலும் வியப்பதற்கில்லை. பொறுமையோடு முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இக்கட்டுரையில் சொன்னவற்றை அப்படியே நம்ப வேண்டும் என்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தீவனத்தை மாற்றாமல், முதல் ஏழு நாட்களுக்கு வழக்கம்போலக் கறந்து, காலை, மாலைப் பாலின் அளவை எழுதி வையுங்கள். அடுத்த இருபத்தொரு நாட்களுக்குத் தொழுவத்தில் கூச்சலும் கோலும் வேண்டாம். தினமும் அதே நேரத்தில், அதே ஆள், குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் வரட்டும். கழுத்தின் அடியை ஒரு நிமிடம் தடவிக்கொடுத்து, மடியைக் கழுவி, சுரப்பு விட்டவுடன் கறந்து முடிக்கட்டும். அந்நாட்களிலும் அளவை எழுதிவாருங்கள். கறவை கடந்த நாட்களையும் கணக்கில் கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாலின் அளவோடு, மாடு எத்தனை முறை உதைத்தது, கால் கட்டு எத்தனை நாள் தேவைப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோலால் படிந்த மாடு கோல் இருக்கும்வரைதான் படியும். பழக்கத்தால் படிந்த மாடு, கோல் பிடிக்கும் வலுவில்லாத முதியவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும்கூடப் படியும். சிறு விவசாயியின் வீட்டில் ஆள்பலம் குறைந்துவரும் இக்காலத்தில் நமக்குத் தேவைப்படுவது இத்தகைய மாடே ஆகும்.